குளிர்கால அரண்மனைத் தாக்குதல் அட்டை: 14,000 ரூபாய்க்கு வாங்கலாமா?

2024 ஜனவரி 6, காலை 11.20 (கேள்வி)

ரஷ்யப் புரட்சிக் கால அஞ்சலட்டைகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் ஓர் அட்டை பார்த்தேன். கறுப்பு வெள்ளை. பெரிய சதுக்கம், அதன் குறுக்கே அரண்மனையை நோக்கித் துப்பாக்கிகளுடன் ஓடும் கூட்டம். "1917 அக்டோபரில் குளிர்கால அரண்மனை தாக்கப்பட்டபோதே எடுத்த அசல் புகைப்படம்" என்கிறார். விலை 14,000 ரூபாய். நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வாங்கலாமா?

ஜனவரி 6, பிற்பகல் 1.05

வாங்காதீர்கள்.

அந்தத் தாக்குதலைப் படம் பிடித்தவர் எவரும் இல்லை. அன்றைய ரஷ்யாவின் பழைய நாட்காட்டியில் அக்டோபர் 25 (இன்றைய நாட்காட்டியில் நவம்பர் 7) இரவு, விடிந்தால் 26. ஜார் வீழ்ந்தபின் ஆண்ட இடைக்கால அரசின் அமைச்சர்களை லெனினின் போல்ஷெவிக் கட்சியினர் அரண்மனைக்குள் கைது செய்தபோது நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. பெட்ரோகிராடின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பின் இலையுதிர்கால இருட்டில், அன்றைய கண்ணாடித் தகட்டுக் கேமராவை வைத்துக்கொண்டு ஓடும் மனிதர்களை எடுக்க வழியே கிடையாது.

நீங்கள் சொல்லும் படம் 1920 நவம்பரில் எடுத்தது. புரட்சியின் மூன்றாம் ஆண்டு விழாவுக்காக, அதே சதுக்கத்தில், அதே அரண்மனையின் முன்னால், நிக்கொலாய் எவ்ரெய்னோவ் இயக்கிய மாபெரும் வெளியரங்க நாடகம். ஆயிரக்கணக்கானோர் நடித்தார்கள், அதைவிடப் பல மடங்கு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்த நாடகத்தில் எடுத்த படம் பிற்காலத்தில் பாடப்புத்தகம், ஆல்பம், அஞ்சலட்டை என்று எல்லாவற்றிலும் "1917" ஆகிவிட்டது. வேடிக்கை பார்த்தவர்களும், நாடகத்தை நடத்துவதற்காக எழுப்பியிருந்த மேடைக் கோபுரமும் படத்திலிருந்து அழிக்கப்பட்டார்கள்.

ஜனவரி 6, பிற்பகல் 1.20

அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். முன்பக்கத்தை மட்டும் காட்டி அட்டை விற்பவரிடம் நான் ஒருபோதும் விலை பேசுவதில்லை. மாப்பிள்ளை முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பெண் கொடுப்பதுபோல் அது.

ஜனவரி 7, காலை 9.40

பின்பக்கம் வந்துவிட்டது, நன்றி. கீழ் விளிம்பில் மணல் துகள் அளவு எழுத்துகளில் ஒரு வரி ஓடுகிறதே, அதுதான் அட்டையின் பிறப்புச் சான்றிதழ். சோவியத் அட்டைகள் பெரும்பாலானவற்றில் பதிப்பகம், ஆண்டு, எத்தனை பிரதி, என்ன விலை எல்லாம் அந்த ஒரு வரியிலேயே இருக்கும். உங்கள் அட்டையில் ஆண்டு 1967. விலை 3 கோபெக். புரட்சியின் ஐம்பதாம் ஆண்டுக்காக அடித்துக் குவித்தவற்றில் ஒன்று. விற்பவர் உங்களுக்கு முதலில் அனுப்பிய படத்தில் இந்த வரி இருக்கும் விளிம்பு வெட்டப்பட்டிருப்பதையும் கவனியுங்கள்.

300 ரூபாய் கொடுக்கலாம். அதற்குமேல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

ஜனவரி 7, இரவு 10.15

"அப்படியென்றால் 1917-இல் எடுத்த நிஜப் படங்கள் அட்டையாக வரவே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வந்தன, ஏராளமாக. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அக்டோபரைப் பற்றியவை அல்ல, பிப்ரவரியில் நடந்த முதல் புரட்சியைப் பற்றியவை. ஜார் விழுந்த அந்த வசந்தத்தில் பெட்ரோகிராடின் தனியார் புகைப்பட நிலையங்கள் இரவும் பகலும் அட்டை அடித்தன. மார்ஸ் மைதானத்தில் புரட்சியில் இறந்தவர்களின் இறுதி ஊர்வலம், எரிந்த சிறைச்சாலை, தவ்ரிதா அரண்மனை வாசலில் படைவீரர்கள், பின்னால் இடைக்கால அரசின் பிரதமரான கெரென்ஸ்கியின் முகம். அக்டோபருக்குப் பிறகு காகிதமும் இல்லை, ரொட்டியும் இல்லை. அட்டை அச்சடிப்பு சுருங்கிவிட்டது.

என் முதல் அட்டை அந்த வசந்தத்தைச் சேர்ந்தது. அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

1987. பெட்ரோகிராடு லெனின்கிராடாக இருந்த காலம். அங்கே நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. மாதம் 90 ரூபிள் உதவித்தொகை. லித்தேய்னி வீதியில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக உண்டு. குளிருக்கு ஒதுங்கப் போய்த்தான் அவற்றில் ஒன்று எனக்குப் பழக்கமானது. கல்லாவுக்குப் பக்கத்தில் காலணிப் பெட்டி ஒன்றில் அட்டைகளை அடுக்கி, நடுநடுவே கார்ட்போர்டு துண்டு செருகி, "பூக்கள்", "நடிகைகள்", "நகரக் காட்சிகள்" என்று பென்சிலில் எழுதியிருப்பார்கள். கடைக்கார அம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "இந்தியப் பையா" என்பார். ஈரக் கையால் அட்டையைத் தொட்டால் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும்.

"நகரக் காட்சிகள்" பகுதியில் அது இருந்தது. எரிந்துபோன ஒரு பெரிய கட்டடம். கூரை இல்லை. ஜன்னல்கள் எல்லாம் கரும்பொந்துகள், ஒவ்வொன்றின் மேலும் சுவரில் தீ நக்கிய கறுப்பு நாக்கு. நடைபாதையில் மூன்று சிறுவர்கள் கேமராவைப் பார்த்து அசையாமல் நிற்கிறார்கள். ஒரு படைவீரன் மட்டும் கையை அசைத்துவிட்டான் போலும், அவனுக்குக் கை இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு தீற்றல். கீழே பழைய எழுத்துமுறையில் தலைப்பு: மாவட்ட நீதிமன்றம், லித்தேய்னி வீதி. பிப்ரவரி 27 அன்று கூட்டம் கொளுத்திய கட்டடம். நான் நின்றுகொண்டிருந்த அதே வீதி. விலை 4 ரூபிள். நாலைந்து நாள் சாப்பாட்டைச் சுருக்கினால் சரியாகிவிடும்.

அட்டையைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வீதியின் ஆற்றங்கரை முனை வரை நடந்தேன். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற வெறி. 1930களின் தொடக்கத்தில் எழும்பிய பிரம்மாண்டமான சாம்பல் நிறக் கட்டடம் நின்றது. நகரத்தார் அதைப் "பெரிய வீடு" என்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. அரசியல் போலீஸின் தலைமையகம். நான் அட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கட்டடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். காவலர் ஒருவர் வந்து, மிக மரியாதையாக, வேறு எங்காவது போய்ப் பார்க்கும்படி சொன்னார்.

எரித்தவர்கள் நீதிமன்றத்தை எரித்தார்கள், அதே மனையில் அதைவிடக் கொடியது எழும்பியது. எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு வலுவாக இதைச் சொன்னதில்லை. உள்ளங்கை அளவு அட்டை சொன்னது.

ஜனவரி 9, மாலை 6.30

வயதைக் கணிப்பது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என் வழக்கம் இது.

முதலில் எழுத்துமுறை. 1918 வரை ரஷ்யச் சொல் மெய்யொலியில் முடிந்தால், ஒலியே இல்லாத ஓர் எழுத்தைக் கடைசியில் வாலாக ஒட்டுவார்கள். ஆங்கிலச் சிறிய "b" எழுத்தைக் குட்டையாக்கி, தலையில் இடப்பக்கம் ஒரு சிறு கோடு நீட்டினால் அதன் உருவம் வந்துவிடும். ரஷ்ய மொழி ஓர் எழுத்துகூடத் தெரியாதவரும் இதைக் கண்டுபிடிக்கலாம். தலைப்பில் இரண்டு மூன்று சொற்கள் இந்த வாலோடு முடிந்தால் அட்டை 1918-க்கு முந்தியது. பழைய "லை", "னை" எழுத்துகளைப் பார்த்ததும் இது 1978-க்கு முந்திய தமிழ்ப் புத்தகம் என்று நாம் சொல்லிவிடுவோமே, அதே வித்தை.

இரண்டாவது ஊர்ப் பெயர். 1914 வரை செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 1924 வரை பெட்ரோகிராடு, 1991 வரை லெனின்கிராடு. "லெனின்கிராடு" என்று அச்சிட்ட அட்டை எதுவும் புரட்சிக் காலத்தது ஆகாது, படம் எந்த ஆண்டில் எடுத்ததாக இருந்தாலும்.

மூன்றாவது தபால் முத்திரை. 1918-இல் நாட்காட்டியை மாற்றினார்கள். ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. நடுவில் 13 நாள்கள் கிடையவே கிடையாது. பெட்ரோகிராடு முத்திரையில் 1918 பிப்ரவரி 5 என்று ஒருவர் காட்டினால் நான் அட்டையை மேசைமீது வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஜனவரி 10, காலை 7.10

நேற்று எழுதியதில் எழுத்துமுறை விதியை மிக இறுக்கமாகச் சொல்லிவிட்டேன். திருத்துகிறேன்.

வாலெழுத்து இருந்தால் 1918-க்கு முந்தியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படைகளின் கையில் இருந்த பகுதிகளில் பழைய எழுத்துமுறையிலேயே அச்சடித்தார்கள். நாட்டை விட்டு வெளியேறியவர்கள் பெர்லினிலும் பாரிஸிலும் நடத்திய அச்சகங்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் விடவில்லை. அவர்களுக்கு அந்த எழுத்தே ஒரு கொடி. நம் ஊரிலும் 1978-க்குப் பிறகு ஈய எழுத்து அச்சகங்கள் பழைய "லை"யை ஒரே நாளில் தூக்கி எறிந்துவிடவில்லை. இதை நினைத்துப் பார்த்திருந்தாலே நேற்று அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

இதற்கு நேர்மாறான தடயம் ஒன்று உண்டு, அது இன்னும் நம்பகமானது. சொல்லின் கடைசியில் தேவையில்லை என்றாலும், சில சொற்களின் நடுவே அந்த எழுத்து புதிய முறையிலும் தேவை. ஆனால் அதிகாரிகள் அச்சகங்களிலிருந்து அந்த ஈய எழுத்தையே அள்ளிக்கொண்டு போய்விட்டதால், அச்சுக்கோப்பவர்கள் அந்த இடத்தில் மேலே ஒரு சிறு காற்புள்ளியை வைத்து ஓட்டினார்கள். தலைப்பின் நடுவே அப்படித் தொங்கும் காற்புள்ளியைக் கண்டால் பெரும்பாலும் 1920கள் என்று கொள்ளலாம். கையில் எழுத்து இல்லாத அச்சுக்கோப்பாளரின் சங்கடம் நூறு ஆண்டு கழித்து நமக்குச் சாட்சி சொல்ல வருகிறது. எனக்கு இந்தக் காற்புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

ஜனவரி 10, இரவு 9.00

அட்டையைச் சோதிக்கப் புற ஊதா விளக்கு எது வேண்டும் என்று கேட்டவருக்கு: கள்ளநோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருப்பதே போதும். 1950களுக்குப் பிறகு வந்த காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்திருக்கும், விளக்கின் கீழ் நீலமாய்ப் பளிச்சிடும். பழைய காகிதம் மந்தமாகக் கிடக்கும். பளிச்சிடும் "1917 அசல்" எதையும் வாங்காதீர்கள். மந்தமாக இருப்பதாலேயே அசல் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய வெற்றுக் காகிதத்தில் புதிதாக அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஜனவரி 13, பிற்பகல் 3.45

கடிகாரக் கடை அட்டையைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒருவருக்குத் தனியாகச் சொல்லியிருந்தேன். எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

புரட்சிக் கூட்டம் ஒன்று தெருவில் நிற்கும் படம். படைவீரர்கள், தொப்பிகள், ஒரு கொடி. பின்னால் கடைகளின் பெயர்ப்பலகைகள். மூலப் படத்தில் ஒரு பலகையில் "கடிகாரங்கள், தங்கம், வெள்ளி" என்று எழுதியிருக்கிறது. கொடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது, துணி மடிந்து கிடக்கிறது.

அதே படம் அஞ்சலட்டையாக வந்தபோது கடிகாரக் கடை காணாமற்போனது. பலகை அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அதில் "போராட்டத்தில்தான் உன் உரிமையை அடைவாய்" என்ற முழக்கம்! மடிந்து கிடந்த கொடியும் திடீரென்று பேசுகிறது: "முடியாட்சி ஒழிக, குடியரசு வாழ்க".

இந்த அட்டை முதலில் என் கைக்கு வந்தபோது எனக்கு எதுவும் தெரியாது. நல்ல படம் என்று ஆல்பத்தில் செருகினேன். திருத்தப்படாத படம் பதினொரு ஆண்டுகள் கழித்து ஒரு கட்டு அட்டைகளுக்கு நடுவே கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்த அந்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திருத்திய பலகையின் எழுத்துகள் தூரிகையால் வரைந்தவை. பலகை பார்வைக்கோணத்தில் சற்றுச் சாய்ந்து போகிறது, எழுத்துகள் சாயவில்லை. நிஜமான பலகைகளில் எழுத்தின் ஓரம் கொஞ்சம் மங்கியிருக்கும், இவை மட்டும் ஊசி முனையால் கீறியதுபோல் கூர்மை. நம் ஊர் ஸ்டூடியோக்களில் இதை "டச்சிங்" என்பார்கள். கல்யாணப் படத்தில் மாமாவின் அம்மைத் தழும்பை மறைக்கும் அதே கைவேலை.

இதில் என்னை மிகவும் உலுக்கிய விஷயம் வேறு. புகைப்படத்தைத் திருத்துவது என்றாலே ஸ்டாலின் காலத்து வேலை என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். ஆனால் பலகையில் எழுதிய அந்த முழக்கம் சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியுடையது, போல்ஷெவிக்குகளின் எதிரணி. பிற்காலத்து சோவியத் அச்சகம் எதுவும் அந்த வாசகத்தைக் கொண்டுவந்து வைத்திருக்காது. ஆகவே இது சுதந்திர வசந்தத்திலேயே நடந்தது. தணிக்கை விழுந்த, யாரும் யாரையும் மிரட்டாத நாள்களில், ஒரு கலைஞர் தூரிகையை எடுத்துக் கடிகாரக் கடையை முழக்கமாக மாற்றினார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தெரு அப்படித்தான் பேசியிருக்க வேண்டும் என்று அவர் மனமார நம்பினார் என்றே நினைக்கிறேன்.

எனக்கு அவர்மீது கோபம் இல்லை. ஆனால் அந்தக் கடிகாரக் கடைக்காரரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஜனவரி 13, இரவு 11.30

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். "தணிக்கை விழுந்த" என்று எழுதியது சரி, ஆனால் "யாரும் யாரையும் மிரட்டாத" என்பது மிகை. போலீஸ்காரர்களைத் தெருவில் அடித்துக் கொன்ற நாள்களும் அவைதான். அந்தச் சொற்களைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜனவரி 16, காலை 8.20

பொங்கல் விடுமுறையில் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் காற்றாட வைத்தேன். எழுத வேண்டியவை கூடிவிட்டன.

சேர்ப்பது ஒரு வகை டச்சிங் என்றால், நீக்குவது இன்னொன்று. 1920 மே 5, மாஸ்கோவில் போல்ஷாய் அரங்கத்தின் முன்னால் மரமேடையில் ஏறி லெனின் பேசுகிறார். போலந்துப் போர்முனைக்குப் புறப்படும் படைவீரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேடையின் பக்கவாட்டுப் படிகளில், பிற்காலத்தில் ஸ்டாலினுக்கு எதிரிகளான ட்ராட்ஸ்கியும் காமனேவும் நிற்கிறார்கள். கோல்ட்ஸ்டெய்ன் எடுத்த படம். முதலில் அவர்கள் இருவரோடும்தான் உலகமெல்லாம் போயிற்று. பின்னால் வந்த அட்டைகளில் அந்த இடத்தில் வெறும் மரப்படிகள். சோவியத் புத்தக வண்டி எங்கள் ஊருக்கு வந்தபோது அப்பா வாங்கித் தந்த லெனின் அட்டைத் தொகுப்பில் இருந்தது வெறும் படிகள்தான். சிறுவனாக அதை நூறு முறை பார்த்திருக்கிறேன். அந்தப் படிகள் எதற்கு, அங்கே ஏன் யாருமே நிற்கவில்லை என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அரசாங்கம் மட்டும் அழிக்கவில்லை, வீட்டுக்காரர்களும் அழித்தார்கள். என்னிடம் 1920களின் குழுப்பட அட்டை ஒன்று இருக்கிறது. ஏதோ மாநாட்டுப் பிரதிநிதிகள், நான்கு வரிசை. மூன்றாம் வரிசையில் ஒரு முகத்தை மட்டும் ஊசியால் சுரண்டியிருக்கிறார்கள். ஆத்திரத்தில் கிழித்தது அல்ல. சிறு சிறு வட்டங்களாக, பொறுமையாக, முகத்தின் எல்லையைத் தாண்டாமல், காலர் பொத்தான் வரை வந்து நின்றிருக்கிறது. அட்டையைத் திருப்பி விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் மேடாகத் தட்டுப்படும். அதற்குச் சற்று மேலே, குழந்தைக் கையெழுத்தில், "அப்பா இடமிருந்து இரண்டாவது" என்று எழுதியிருக்கிறது.

சுரண்டியது அப்பாவின் முகம் அல்ல, எண்ணிப் பார்த்துவிட்டேன். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றவர். அந்த அட்டையை எறிந்துவிட்டிருக்கலாம், அடுப்பில் போட்டிருக்கலாம். அப்பா இருந்ததால் வைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்றவரோடு வைத்துக்கொள்வது ஆபத்து, அதனால் ஊசி எடுத்தார்கள்.

சேதம் என்று சொல்லி எனக்கு இதை மிக மலிவாகக் கொடுத்தார்கள். இப்போது யார் என்ன விலை சொன்னாலும் கொடுக்க மாட்டேன்.

ஜனவரி 16, காலை 8.50

கிழிசல், கறை, கிறுக்கல் இல்லாத அட்டையாகப் பார்த்து வாங்குங்கள் என்று முன்பெல்லாம் புதியவர்களுக்குச் சொல்லிவந்தேன். இனிச் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 20, மாலை 5.15

தபால்தலை இல்லாத அட்டைகள் பற்றி. "தலையை யாரோ ஆவியில் காட்டி உரித்துவிட்டார்கள், அதனால் மதிப்பில்லை" என்று ஒரு விற்பனையாளர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தேதியைப் பாருங்கள். 1919 ஜனவரி 1 முதல் சோவியத் ரஷ்யாவில் சாதாரணக் கடிதங்களுக்கும் அஞ்சலட்டைகளுக்கும் தபால் கட்டணமே கிடையாது. 1921 ஆகஸ்டில்தான் மீண்டும் வந்தது. அந்த இரண்டரை ஆண்டு அட்டையில் தலை இல்லாததே இயல்பு.

என்னிடம் அப்படி ஒன்று உண்டு. முன்பக்கம் மார்க்ஸின் உருவப்படம், தாடி முழுக்க மை திட்டுத் திட்டாக, காகிதமோ சோளத் தட்டையை நசுக்கியதுபோல் சொரசொரப்பு. பின்பக்கம் பென்சிலில் நான்கே வரி. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், பெரியம்மா எழுந்து நடக்கிறாள், உப்பு கிடைத்தால் கொடுத்தனுப்பு, உப்புக்குப் பதிலாக என்னிடம் நூல் இருக்கிறது. கடைசி வரியில் "நூல்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

பிரச்சார அட்டை என்றால் முன்பக்கம்தான் என்று நினைத்துச் சேர்க்கத் தொடங்குகிறோம். அந்தப் பெண்ணுக்கு மார்க்ஸ் ஒரு பொருட்டே அல்ல, கடையில் கிடைத்த அட்டை அது. அரசு சொன்னது ஒரு பக்கம், வீடு சொன்னது மறுபக்கம். அதனால் என் ஆல்பத்தில் அட்டைகளை இருபக்கமும் தெரிகிற உறையில்தான் வைக்கிறேன்.

ஜனவரி 20, மாலை 6.00

உறை பற்றி உடனே கேள்வி வந்துவிட்டது. பி.வி.சி. உறை வேண்டாம், நம் வெக்கையில் வியர்த்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். இரும்பு பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம், மழைக்காலம் முடிந்ததும் மாற்ற வேண்டும். வெள்ளிப் பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், அதற்குப் புகைப்படத்தின் ஜெலட்டின் பூச்சு என்றால் உயிர். லேமினேஷன் செய்யவே கூடாது. ஒரு கடையில் நகலெடுக்கக் கொடுத்த என் இரண்டு கெரென்ஸ்கி அட்டைகளை, கேட்காமலே, "பாதுகாப்பாக இருக்கட்டும் சார்" என்று லேமினேஷன் செய்து நீட்டினார்கள். அவை இன்றும் அந்தப் பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கின்றன. உரித்தால் முகமும் சேர்ந்து வந்துவிடும்.

ஜனவரி 27, இரவு 10.40

சோவியத் கலைஞர் குஸ்தாவ் க்ளுத்ஸிஸின் அட்டைகள் கேட்ட நண்பருக்கு: 1928 மாஸ்கோ ஸ்பார்ட்டகியாதா விளையாட்டு விழாவுக்காக அவர் செய்த ஒன்பது அட்டைகள் வண்ணமும் புகைப்படமும் வெட்டி ஒட்டிய அற்புதங்கள். என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது, மூலையில் கிழிசலோடு. முழுத் தொகுப்பு நம் கைக்கு எட்டாத விலை, மலிவாகக் கிடைத்தால் மறுபதிப்பு. லென்ஸில் பாருங்கள். நான்கு வண்ணப் புள்ளிகள் பூப்போல் வட்டமாகக் கூடியிருந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு.

புரட்சியை இத்தனை அழகாக விளம்பரப்படுத்திய அந்த மனிதரை 1938-இல் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு புகைப்படக் கலைஞர் விக்தர் புல்லாவையும். 1917 ஜூலையில் நெவ்ஸ்கி, சதோவயா முனையில் துப்பாக்கிச் சூட்டில் சிதறி ஓடும் கூட்டத்தை மேலிருந்து எடுத்தாரே, அவர்தான். அது நடிப்பு அல்ல, அன்றே அங்கேயே எடுத்தது. சுடப்படுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் தம் குடும்ப ஸ்டூடியோவின் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளை அரசு ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்திருந்தார். தகடுகள் பத்திரமாக இருக்கின்றன.

பிப்ரவரி 3, காலை 10.00

அரண்மனை அட்டையை 300 ரூபாய்க்கே வாங்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நல்லது.

ஜனவரி 6 அன்று "வாங்காதீர்கள்" என்று ஒரே சொல்லில் வெட்டிவிட்டேன், அது விலையைப் பற்றி மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தின் 1920களின் அட்டை எப்போதாவது கண்ணில் பட்டால், நாடகம் என்று தெரிந்தே, தாராளமாகப் பணம் கொடுத்து வாங்குவேன். பசியும் குளிருமாக இருந்த ஊர், மூன்று ஆண்டுக்கு முன் தான் செய்ததை ஆயிரக்கணக்கானோரைக் கூட்டிவைத்து மறுபடி நடித்துப் பார்த்தது. நிஜ இரவில் அரண்மனைக்குள் காவல் இருந்தவர்கள் பெரும்பாலும் ராணுவப் பயிற்சி மாணவர்களும் பெண்கள் படைப் பிரிவு ஒன்றும்தான், பலர் அதற்குள் நழுவிவிட்டிருந்தார்கள். நாடகத்தில் எல்லாமே பெரிதாயிற்று. அட்டையின் பின்னால் பென்சிலில் "1920, நாடகம்" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான பென்சில், அழுத்தாமல்.

பிப்ரவரி 3, காலை 10.25

ஒரு வேண்டுகோள். கடிகாரக் கடை அட்டை உங்களில் யாரிடமாவது இருந்தால், விற்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். பலகை இருக்கும் மூலையை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள், பின்பக்கத்தையும். பலகையை மாற்றிவிட்டுக் கொடியை மாற்றாமல் விட்ட அச்சு ஒன்று இடையில் வந்திருக்குமோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். அந்தக் கலைஞர் எதை முதலில் தொட்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.